'முன்' என்னும் உடற்கூற்றுச் சொல்: பொருளும் தோற்றமும் – கலைச்சொல்லாக்க நோக்கில் ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

உடலின் முகம் நோக்கும் பக்கத்தைக் குறிக்கும் 'ஆன்டீரியர்' என்னும் உடற்கூற்றுச் சொல்லுக்கு நிகராகத் தமிழில் 'முன்', 'முன்புற' என்னும் சொற்கள் வழங்குகின்றன. தமிழ் உடற்சொற்களில் 'முன்' என்பது ஒரே பொருளில் பயிலவில்லை. நோக்குப் பக்கம், உறுப்பின் நுனிப்பகுதி, விலங்குடலின் தலைப்பக்கம், முந்துநிலை ஆகிய நான்கு பொருள்களில் பயில்கிறது. இவற்றுள் முதலாவது மட்டுமே மனித உடற்கூற்றியலின் ஆன்டீரியருக்கு உரியது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் 'முன்' என்பதை எல்லா இடத்தும் முன்னொட்டாக்குவது பொருள்மயக்கத்துக்கும், மகப்பேற்று மருத்துவம் போன்ற துறைகளில் தீங்குக்கும் வழிவகுக்கும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: முன், அகம், புறம், முன்கை, உடற்கூற்றியல், கலைச்சொல்லாக்கம், நஞ்சுக்கொடி

முன்னுரை

தமிழகத்தில் மருத்துவ அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. நோயாளி அதன் பொருளைத் தமிழில் கேட்டறிகிறார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சொல்லே கலைச்சொல்லின் உண்மையான தேர்வுக்களம். 1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தை ஒட்டி எழுந்த நெய்வேலி நகரியம் அத்தகைய களங்களுள் ஒன்று. சுரங்கம், அனல்மின் நிலையம், தொழிலாளர் குடியிருப்பு, மருத்துவமனை ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைந்த இந்நகரியத்தில் பல மாவட்டத்தாரும் பல மொழியாரும் வாழ்கின்றனர். விபத்துப் பதிவு, முதலுதவிப் பயிற்சி, நுண்ணொலிப் படத்தின் விளக்கம் என எங்கும் உடலின் பக்கங்களைச் சொல்லால் சுட்ட வேண்டிய தேவை எழுகிறது. 'முன்கையில் காயம்' என்று ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டால், அது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதியா, கையின் முன்பக்கமா என்னும் வினா வெறும் அகராதி வினாவன்று.

இவ்வினாவுக்கு விடை காண, 'முன்' என்னும் சொல்லின் தோற்றத்தையும், தமிழ் உடற்சொற்களில் அதன் ஆட்சியையும், மேலை உடற்கூற்றியலில் அதற்கு நிகராகக் கொள்ளப்படும் சொற்களின் வரலாற்றையும் இணைத்து நோக்குதல் வேண்டும்.

'முன்': அடிச்சொல்லும் நோக்குநிலையும்

'முன்' என்பது திராவிட மொழிகளுக்குப் பொதுவான அடிச்சொல். தெலுங்கில் 'முந்து', மலையாளத்தில் 'முன்', கன்னடத்தில் 'முந்து', 'முன்னெ' முதலிய வடிவங்களில் இது வழங்குகிறது. தமிழில் முன்பு, முன்னர், முந்து, முந்தை, முன்னோர், முன்னிலை, முன்றில் எனப் பலவாறு கிளைக்கிறது. 'முகம்' என்பது தென்சொல்லா வடசொல்லா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாவாணர் அதைத் தென்சொல்லாகக் கொண்டார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வடமொழி வடிவத்தோடு இணைக்கிறது. அவ்வழக்கின் முடிவு எதுவாயினும் 'முன்' என்பதன் திராவிட வேர் ஐயத்துக்கு இடமற்றது.

இச்சொல்லின் பொருளமைப்பை விளக்க இலக்கண மரபே சிறந்த சான்று. புணர்ச்சி விதிகளில் 'உயிர்முன் வல்லினம்' என்றால், உயிரெழுத்துக்குப் பின்னர் வரும் வல்லினம் என்பதே பொருள். ஒலிக்கும் காலத்தால் பின்வருவதை இலக்கணிகள் இடத்தால் 'முன்' என்றனர். நிலைமொழி ஓரிடத்தில் நிற்கிறது. அதன் முகத்துக்கு எதிரே வருமொழி வந்து சேர்கிறது. ஆகவே 'முன்' என்பது நிலைத்த ஓர் இடத்தின் பெயரன்று. நிற்கும் ஒன்றன் நோக்கைப் பொறுத்து அமையும் உறவின் பெயர். பேசுவோன் எதிரே நிற்பவன் 'முன்னிலை' ஆவதும் இதனாலேயே. கடந்த காலத்தவர் 'முன்னோர்' எனப்படுகையில் அதே சொல் வரிசைமுறையைச் சுட்டுகிறது. வரவிருக்கும் காலமோ முகத்துக்கு நேரே நிற்பதாகக் கொள்ளப்பட்டு 'எதிர்காலம்' எனப்படுகிறது.

'முன்றில்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. இல்லின் முன் என்னும் பொருளுடைய இச்சொல்லில் 'முன்' முதலில் வந்து இலக்கணப்போலியாகிறது. இதன் புணர்ச்சிக்குத் தொல்காப்பியம் தனி விதியே வகுத்துள்ளது. முன்றில் என்பது வீட்டுச்சுவரின் முன்பக்கம் அன்று. வீட்டுக்கு அப்பால் அதன் முகத்துக்கு எதிரே விரியும் வெளி. ஒன்றன் 'முன்' என்பது அதன் ஒரு முகப்பாகவும் இருக்கலாம். அதைக் கடந்து எதிரே கிடக்கும் இடமாகவும் இருக்கலாம். உடற்சொற்களில் எழும் மயக்கத்துக்கு இந்த இரட்டைத்தன்மையே வித்து.

தமிழ் உடற்சொற்களில் நான்கு பொருள்கள்

முதலாவது, நோக்குப் பக்கம். முன்பல், முன்கழுத்து, முன்குடுமி முதலியவற்றில் 'முன்' என்பது முகம் நோக்கும் திசையிலுள்ள பகுதியைக் குறிக்கிறது. மனித உடற்கூற்றியலின் ஆன்டீரியருக்கு நேர் நிகர் இதுவே.

இரண்டாவது, உறுப்பின் நுனிப்பகுதி. 'முன்கை' என்பது கையின் முன்பக்கம் அன்று. முழங்கைக்குக் கீழுள்ள பகுதி. சங்கப் பாக்களில் வளையணியும் இடமாக முன்கை பேசப்படுவது இப்பொருளின் பழைமைக்குச் சான்று. இங்கே உடம்பின் நடுவிலிருந்து கை நீண்டு செல்லும் திசையே நோக்காகக் கொள்ளப்படுகிறது. கையை நீட்டினால் முதலில் சென்று தொடும் பகுதி எதுவோ அது 'முன்'. உடற்கூற்றியல் மொழியில் இது ஆன்டீரியர் அன்று. 'டிஸ்டல்', அதாவது சேய்மை நிலை.

மூன்றாவது, விலங்குடலின் தலைப்பக்கம். மாட்டின் 'முன்னங்கால்', 'பின்னங்கால்' என்பவற்றில் முன் என்பது தலை இருக்கும் திசை. நான்கு கால்களில் நடக்கும் உயிருக்கு நகரும் திசையும் தலையின் திசையும் ஒன்று; வயிறோ நிலத்தை நோக்கியிருக்கிறது.

நான்காவது, முந்துநிலை. பேற்றின்போது கால் முன்னே வருதல், கை முன்னே வருதல் என்னும் வழக்கில் 'முன்' என்பது பக்கத்தைக் குறிக்கவில்லை. வழியில் முதலாவதாக நிற்பதைக் குறிக்கிறது.

இந்நான்கும் மக்கள் வழக்கில் மோதுவதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய சூழலில் தெளிவாகவே நிற்கிறது. முன்கை என்றால் எப்பகுதி என்பதைத் தமிழர் எவரும் ஐயுறுவதில்லை. இச்சொற்களைச் சூழலினின்று பிரித்து, அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக 'முன்' என்று நிறுத்தும்போதுதான் மோதல் தொடங்குகிறது.

அகமும் புறமும்: தமிழின் மற்றோர் அளவை

கை, கால் ஆகியவற்றின் பரப்புகளைச் சுட்டுவதற்குத் தமிழ் 'முன்–பின்' என்னும் இணையைப் பெரிதும் பயன்படுத்துவதில்லை. 'அகம்–புறம்', 'உள்–புறம்' என்னும் இணைகளையே பயன்படுத்துகிறது. அகங்கை, அங்கை, உள்ளங்கை ஒருபுறம், புறங்கை மறுபுறம். அவ்வாறே உள்ளங்கால் ஒருபுறம். புறங்கால், புறவடி மறுபுறம். 'அகம்' என்பதன் முன் 'கை' வரும்போது நிகழும் திரிபைத் தொல்காப்பியமும் நன்னூலும் விதந்து கூறுவதால் அங்கை என்னும் சொல் தமிழில் எத்துணைத் தொன்மையானது என்பது விளங்கும். வர்ம நூல்களின் உள்ளங்கை வெள்ளை வர்மம், உள்ளங்கால் வெள்ளை வர்மம் என்னும் பெயர்களும் இவ்வளவையையே பின்பற்றுகின்றன.

உடற்கூற்றியல் ஒரு நிலைப்பாட்டை வரையறுத்துக்கொள்கிறது: உடல் நிமிர்ந்து நிற்க வேண்டும், உள்ளங்கைகள் முன்னோக்கியிருக்க வேண்டும். இந்நிலைப்பாட்டில் உள்ளங்கை முன்பக்கமாகிறது. ஆனால் உள்ளங்கால் முன்பக்கமாவதில்லை. அது கீழ்நோக்கியே இருக்கிறது. ஆகவே ஆன்டீரியர் என்னும் அளவை கையையும் காலையும் வேறுவேறாகப் பிரித்துவிடுகிறது. தமிழோ உள்ளங்கையையும் உள்ளங்காலையும் ஓரினமாக இணைக்கிறது.

இவ்விணைப்பு தற்செயலானதாகத் தோன்றலாம். எனினும் கருவியல் இதற்கு ஆதரவாகவே நிற்கிறது. கருவளர்ச்சியின் ஏழாம் வார அளவில் கையரும்பு வெளிப்பக்கமாகவும் காலரும்பு உட்பக்கமாகவும் ஏறத்தாழ 90 பாகை திரும்புகின்றன. அதனால் முழங்கை பின்னோக்கியும் முழங்கால் முன்னோக்கியும் அமைகின்றன. நீட்டுதசைகள் மேற்கையில் பின்பக்கத்திலும் தொடையில் முன்பக்கத்திலும் கிடப்பதற்கு இதுவே காரணம். இத்திருப்பத்துக்கு முன்னைய நிலையை நோக்கினால், உள்ளங்கையும் உள்ளங்காலும் உடலின் வயிற்றுப்பக்கத்துக்குரிய ஒத்த பரப்புகள். புறங்கையும் புறங்காலும் முதுகுப்பக்கத்துக்குரியவை. இலத்தீன் மரபிலும் இவ்விரு பரப்புகளுக்கு 'முதுகு' என்று பொருள்படும் 'டார்சம்' என்னும் சொல்லே வழங்குகிறது. தமிழில் 'புறம்' என்பதற்கும் முதுகு என்னும் பொருள் உண்டு. புறங்காட்டுதல் என்னும் வழக்கை நினைக. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே உருவகத்தை அடைந்திருப்பது கருதத்தக்கது.

இதனின்று ஒரு சிக்கலும் எழுகிறது. 'புறம்' என்பதற்குப் பக்கம், வெளி, முதுகு என மூன்று பொருள்கள் உள்ளன. 'முன்புறம்' என்னும் சொல்லில் அது 'பக்கம்' என்னும் பொருளில் நிற்கிறது. 'புறங்கை' என்பதில் 'பின்' என்னும் பொருளில் நிற்கிறது. 'கையின் முன்புறப் பரப்பு', 'புறங்கைப் பரப்பு' ஆகிய இரண்டும் ஒரே பத்தியில் வருமாயின், ஒரே உறுப்பின் எதிரெதிர்ப் பரப்புகளைக் குறிக்கும் இரு தொடர்களிலும் 'புறம்' என்பதே நிற்கும்.

மேலை மரபின் தடுமாற்றம்

'ஆன்டீரியர்' என்பது 'முன்' என்னும் பொருளுடைய 'ஆன்டே' என்னும் இலத்தீன் சொல்லின் ஒப்பீட்டு வடிவம். இதுவும் தமிழ் 'முன்' போலவே இடத்தையும் காலத்தையும் ஒருங்கே குறிக்க வல்லது. 'வென்ட்ரல்' என்பது வயிறு என்னும் பொருளுடைய 'வென்டர்' என்பதன் வழிவந்தது. நிமிர்ந்து நிற்கும் மனிதரில் வயிற்றுப்பக்கமும் முன்பக்கமும் ஒன்று. நாற்கால் விலங்கில் அவை வேறு.

இவ்வேறுபாடு மேலையறிஞர்க்கும் எளிதில் தீராத சிக்கலாகவே இருந்தது. 1895இல் பாசல் நகரில் ஏற்கப்பட்ட உடற்கூற்றுப் பெயர்த்தொகுதி மனித உடலுக்கு ஆன்டீரியர், போஸ்டீரியர் என்னும் சொற்களைக் கொண்டது. 1935இல் யெனா நகரில் ஏற்கப்பட்ட திருத்தம், விலங்குடற்கூற்றியலோடு இயைபு வேண்டி, அவற்றுக்கு மாற்றாக வென்ட்ரல், டார்சல் என்பவற்றை முன்வைத்தது. 1955இல் பாரிசில் ஏற்கப்பட்ட தொகுதி மீண்டும் ஆன்டீரியருக்கே திரும்பியது. 1998இன் தொகுதியும் அவ்வழியே நின்றது. கால்நடை உடற்கூற்றியலோ ஆன்டீரியர் என்பதைக் கண் போன்ற சில உறுப்புகளுக்கு மட்டும் நிறுத்திக்கொண்டு, ஏனைய இடங்களில் தலைப்பக்கம், வால்பக்கம் என்னும் பொருளுடைய சொற்களை ஆள்கிறது. அறுபது ஆண்டுகளில் இருமுறை திசைமாறிய ஒரு சொல்லுக்குத் தமிழில் ஒரே நிகரன் போதும் எனக் கொள்வது பொருந்தாது.

நெய்வேலிச் சுரங்கத்தில் இயங்கும் வாளிச்சக்கர அகழ்பொறியைக் கொண்டு இச்சிக்கலை எளிதாக விளக்கலாம். அப்பொறி சங்கிலிப் பட்டைகளின் மீது ஊர்கிறது. வாளிச்சக்கரத்தைத் தாங்கிய நெடுங்கையோ மேற்கட்டோடு சேர்ந்து இடமும் வலமும் திரும்புகிறது. நெடுங்கை பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போது பொறியின் 'முன்' எது? ஊரும் திசையை நோக்கினால் ஒன்று. மண்ணை எதிர்கொள்ளும் முகத்தை நோக்கினால் மற்றொன்று. விலங்குடற்கூற்றியலின் முன் நகரும் திசை சார்ந்தது. மனித உடற்கூற்றியலின் முன் எதிர்கொள்ளும் முகம் சார்ந்தது. 'முன்' என்னும் சொல் இரண்டுக்கும் இடங்கொடுக்கும். எதைச் சுட்டுகிறோம் என்பதைக் கலைச்சொல்தான் வரையறுக்க வேண்டும்.

தமிழ்க் கலைச்சொல் மரபும் அதன் குறையும்

மேலை உடற்கூற்றியலைத் தமிழில் முறையாக எழுதியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கை வந்த அவர் மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவக் கல்வியை வளர்த்து 1873இல் தாயகம் திரும்பினார். கட்டரின் நூலைத் தழுவிய 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்', கிரேயின் நூலைத் தழுவி 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' ஆகியன அவர் முயற்சியின் பயன்கள். கிறீனின் சொல்லாட்சி வடமொழிச் சார்புடையது என்னும் குறை கூறப்படுவதுண்டு. எனினும் அவர் மாணவருக்குப் பாடம் சொல்லும் தேவையினின்று எழுதினார். சொற்கள் வாக்கியத்துள் நின்று பொருள் தந்தன.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. சென்னை மாகாணத் தமிழ்ச்சங்கத்தின் 1938ஆம் ஆண்டுக் கலைச்சொல் தொகுதி முதல் மணவை முஸ்தபாவின் மருத்துவக் கலைச்சொல் தொகுப்புகள் வரை பெருமுயற்சிகள் நிகழ்ந்தன. இவற்றின் பயனை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் பட்டியல் வடிவம் தனக்கேயுரிய ஒரு குறையைச் சுமந்து வருகிறது. அது சொல்லுக்குச் சொல் நிகர் தேடுகிறது. ஆன்டீரியருக்கு 'முன்' எனின், கண்ணின் முன்னறை, இதயத்தின் முன்சுவர், வயிற்றின் முன்சுவர் ஆகியன குறையற்ற சொற்கள். ஆனால் அதே விதியை முன்கைக்கு நீட்டினால் 'முன்கையின் முன் தசைகள்' என்னும் தொடர் பிறக்கிறது. முதல் 'முன்' சேய்மை நிலை. இரண்டாம் 'முன்' நோக்குப் பக்கம். மேற்கையின் முன்பக்கத்தைக் 'கையின் முன்பகுதி' என்று எழுதினால், படிப்போர் முன்கை என்றே கொள்வர். 'முன்கையில் உள்ளங்கைப் பக்கத்துத் தசைகள்' என்பது சற்றே நீண்ட தொடராயினும் எவரையும் மயக்காது.

மேல்–கீழ் என்னும் வலிய அச்சு

தமிழ் மரபு உடலை வரிசைப்படுத்தும்போது முன்–பின் அச்சைவிட மேல்–கீழ் அச்சையே வலிமையாக ஆள்கிறது. பாதாதிகேசம், கேசாதிபாதம் ஆகிய சிற்றிலக்கிய வகைகள் உடலை அடிமுதல் முடிவரையோ முடிமுதல் அடிவரையோ பாடுகின்றன. 108 வர்மங்களைத் தலை, கழுத்து முதல் தொப்பூழ் வரை, அதற்குக் கீழ், கை, கால் எனப் பகுக்கும் வழக்கும் இத்தன்மையதே. திசைப்பெயர்களும் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. வடமொழியில் 'பூர்வம்' என்பது முன்னையும் கிழக்கையும் குறிக்கும். கிழக்கு நோக்கி நிற்கும் உடலே அங்கு அளவை. தமிழில் கிழக்கு என்பது கீழ். மேற்கு என்பது மேல். மலையிலிருந்து கடலை நோக்கித் தாழும் நிலமே இங்கு அளவை என்பதைக் கால்டுவெல் சுட்டியுள்ளார். நெய்வேலியிலிருந்து கடலூர்க் கரை நோக்கிச் செல்வோர்க்கு இது விளங்கும்.

நஞ்சுக்கொடி: ஒரு சொல்லின் விலை

இம்மயக்கத்தின் விளைவை மகப்பேற்று மருத்துவத்தில் தெளிவாகக் காணலாம். கருவுற்ற பெண்ணின் நுண்ணொலி அறிக்கையில் 'பிளசென்டா ஆன்டீரியர்' என எழுதப்படுவதுண்டு. நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில், அதாவது தாயின் வயிற்றுப்பக்கச் சுவரில், ஒட்டியுள்ளது என்பதே அதன் பொருள். தனியே நோக்கின் இது இயல்பான அமைப்பு. குழந்தையின் அசைவைத் தாய் சற்றுத் தாமதமாக உணரக்கூடும் என்பதன்றி வேறில்லை.

'பிளசென்டா ப்ரீவியா' என்பதோ முற்றிலும் வேறானது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியபடி அமைந்திருத்தல் அது. குழந்தை வெளிவரும் வழியில் குழந்தைக்கு முன்னே நஞ்சுக்கொடி நிற்கிறது. கடும் குருதிப்போக்குக்கும் அறுவைப் பேற்றுக்கும் அது காரணமாகலாம். 'ப்ரீவியா' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'வழிக்கு முன்னே' என்பதே நேர்ப்பொருள்.

ஆக, ஆன்டீரியர் என்பதும் 'முன்'. ப்ரீவியா என்பதும் 'முன்'. முன்னது நோக்குப் பக்கம், பின்னது முந்துநிலை. இரண்டையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'முன் நஞ்சுக்கொடி', 'முந்து நஞ்சுக்கொடி' என்று வைத்தால், அச்சமின்றி இருக்க வேண்டியவர் அஞ்சுவார். மருத்துவமனைக்கு விரைய வேண்டியவர் வாளாவிருப்பார். 'எவருடைய முன்?' என்னும் வினாவும் உடனெழும். தாயின் முன்னா, குழந்தையின் முன்னா, பிறப்பு வழியின் முன்னா என்பதைச் சொல்லே உணர்த்தவில்லையெனில் அது கலைச்சொல்லாகாது.

மக்கள் வழக்கு இச்சிக்கலை முன்னரே தீர்த்துவைத்துள்ளது. இரண்டாவது நிலையை அவர்கள் 'நஞ்சு கீழே இறங்கியிருக்கிறது' என்கின்றனர். 'முன்' என்பதைத் தொடாமலே, மேல்–கீழ் அச்சைக் கொண்டு அவர்கள் இடரின் தன்மையை உணர்த்திவிடுகின்றனர். 'கீழிறங்கிய நஞ்சுக்கொடி', வாயை மூடிய நிலையில் 'வாய்மூடிய நஞ்சுக்கொடி' என்பன இவ்வழக்கினின்று எளிதாக வடிக்கத்தக்க கலைச்சொற்கள். முதலாவது நிலைக்கு 'முன்சுவர் நஞ்சுக்கொடி' என்பது போதும். சுவர் என்னும் சொல் பக்கத்தை ஐயமின்றி வரையறுத்துவிடுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றினின்று சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஆன்டீரியருக்கு 'முன்' என்பதைத் தலை, கழுத்து, உடற்பகுதி, உள்ளுறுப்புச் சுவர்கள் ஆகியவற்றுக்கு மட்டும் வரையறுத்தல் வேண்டும். அங்கும் தனித்த 'முன்' என்பதைவிட முன்சுவர், முன்னறை, முன்பக்கம் எனப் பொருள் வரையறுக்கும் சொல்லோடு சேர்த்தே வழங்குதல் நலம். 'முன்புறம்' என்பது பொதுவழக்கில் நிலைபெற்றதாயினும் கை, கால் பற்றிய விளக்கங்களில் 'முன்பக்கம்' என்பதே தக்கது. 'பக்கம்' என்பது பக்கவாட்டையும் குறிக்குமே எனின், அதற்குப் 'பக்கவாட்டு' என்னும் தனிச்சொல் இருப்பதால் மயக்கம் இல்லை. உள்ளங்கை, புறங்கை, உள்ளங்கால், புறங்கால் ஆகியன உடற்கூற்றியல் துல்லியம் உடையவையாதலின் அவற்றுக்கு மாற்றுத் தேட வேண்டியதில்லை. முன்கை என்பது அதன் பழம்பொருளிலேயே நிற்க வேண்டும். விலங்கியலில் தலைப்பக்கம், வயிற்றுப்பக்கம் என்னும் சொற்கள் 'முன்' என்பதன் இடத்தைப் பெறலாம். முந்துநிலையைக் குறிக்கும் மருத்துவச் சொற்களில் 'முன்', 'முந்து' என்னும் வடிவங்களை அறவே தவிர்த்தல் வேண்டும்.

இவை யாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. புதுச்சொல் ஆக்குவதற்கு முன், தமிழ் அவ்விடத்தை ஏற்கெனவே எந்த அளவையால் அளக்கிறது என்பதை அறிதல் வேண்டும். உடலை அளக்கத் தமிழ் முன்–பின், அகம்–புறம், மேல்–கீழ் என மூன்று அளவைகளை இடமறிந்து ஆள்கிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் எல்லா இடத்துக்கும் நீட்டுவதே நம் மருத்துவக் கலைச்சொல்லாக்கத்தின் குறை. சுரங்கத் தொழிலாளியின் காயப்பதிவிலும் கருவுற்ற பெண்ணின் அறிக்கையிலும் நின்று பொருள் தருமா என்பதை உரைகல்லாகக் கொண்டு தொகுப்புகளை மறுபார்வை செய்வது ஆய்வாளர்க்குரிய உடனடிப் பணியாகும்.